ஒன்பது விநாடியில் ஒரு விரல்

வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் ஏ.சி. அருமையாக வேலை செய்தது. இந்த ஊரில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே அரசாங்கச் சாமான் அதுதான் போலிருக்கிறது என்று விசில் நினைத்துக்கொண்டார்.

விசில் என்பது பட்டப்பெயர். இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, மேலதிகாரியிடம் வாயைக் கொடுத்து வேலையை இழந்தவர். இப்போது தனியார் துப்பறிவாளரான மேடத்துக்கு உதவியாளர். மேடம் முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்தவர். பொய்யைக் கண்டுபிடிப்பது மேடத்தின் வேலை. கண்டுபிடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது விசிலின் வேலை. இரண்டில் இரண்டாவதுதான் கஷ்டம்.

எதிரே உட்கார்ந்திருந்த அதிகாரி ஒரு தடிமனான ரிஜிஸ்டரை, கல்யாண ஆல்பத்தைக் காட்டுவதுபோல் ஆசையாகத் திருப்பிக் காட்டினார்.

"எங்க பக்கம் ஒரு குறையும் கிடையாது மேடம். அன்னைக்கு மத்தியானம் மூணு மணி ரெண்டு நிமிஷத்துக்கு, அணை திறந்தாச்சுன்னு செய்தி போச்சு. ஒன்பதே விநாடியில ரேடியோ நிலையத்துலேர்ந்து 'பெற்றுக்கொண்டோம்'னு பதில் வந்துடுச்சு. இதோ பாருங்க. அதோட எங்க பொறுப்பு முடிஞ்சுது."

"நாலரைக்குத் தண்ணி வந்துச்சு. இருபத்தேழு பேரும் முடிஞ்சாங்க" என்றார் விசில்.

மேடம் மேஜைக்கு அடியில் விசிலின் செருப்பை மிதித்தார். ஆனால் மெதுவாகத்தான் மிதித்தார்.

நடந்தது இதுதான். பன்னிரண்டு நாளைக்கு முன் பேய்மழை. காலையிலேயே காற்றில் டவர் சாய்ந்து ஆற்றங்கரைக் குடியிருப்பில் செல்போன் எல்லாம் செத்துவிட்டது. அங்கே இருந்த அபாயச் சங்கு மூன்று வருஷமாக ரிப்பேர். மிச்சம் இருந்த ஒரே வழி ரேடியோ. ஒவ்வொரு நிலையத்துக்கும் அரசாங்கம் ஒரு சிவப்புப் பெட்டி கொடுத்திருக்கிறது. ஆபத்துச் செய்தி வந்தால் பெட்டி மணியடிக்கும். ஒரு காகிதத்தைத் துப்பும். அறிவிப்பாளர் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டு, நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சியை அப்படியே நிறுத்தி, காகிதத்தில் இருப்பதைப் படிக்க வேண்டும்.

பொத்தான் அமுங்கியது. செய்தி படிக்கப்படவில்லை. அந்த நேரத்தில் மைக் முன்னால் இருந்தவன் 'மத்தியான மாப்பிள்ளை' நிகழ்ச்சியை நடத்தும் அறிவிப்பாளன். ஊரே அவனை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். இப்போது அதே ஊர் அவன் வீட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடி பாக்கி வைக்காமல் உடைத்திருக்கிறது. இன்று மூன்று மணிக்கு அவன் விசாரணை அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். அங்கிருந்து நேரே ஜெயில்தான் என்று பேச்சு.

அவனுடைய அக்கா ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர். காலையில் சீருடையோடு, விசாரணைக் கோப்பின் நகலையும் எடுத்துக்கொண்டு மேடத்தின் வீட்டுக்கு வந்துவிட்டாள். "என் தம்பி சோம்பேறி, வாய்ச்சவடால், எல்லாம் நிஜம். ஆனா தண்ணி வருதுன்னு தெரிஞ்சும் கத்தாம இருக்கிறவன் இல்ல மேடம். அப்படி ஒரு பெட்டியை அந்த மேஜை மேல பார்த்ததே இல்லைன்னு சத்தியம் பண்றான். ஒருத்தரும் நம்பலை" என்று சொல்லி அழுதாள்.

மேடம் ரிஜிஸ்டரைப் பின்னோக்கிப் புரட்டினார். "வாராவாரம் சோதனை மணி அனுப்பறீங்க போல."

"நேரம் சொல்லாம அனுப்புவோம் மேடம். திடீர்ச் சோதனை. ரெண்டு வருஷத்துல நூத்தி மூணு. எல்லா நிலையமும் ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம்னு இழுப்பாங்க. இவங்க மட்டும் ஒன்பது விநாடி, ஏழு விநாடி, பதினோரு விநாடி! 'மாவட்டத்தின் விழிப்பான நிலையம்'னு நாங்களே சான்றிதழ் குடுத்திருக்கோம்."

"மூணு தடவை மட்டும் ஆறு நிமிஷம், எட்டு நிமிஷம்னு இருக்கே?"

"மனுஷங்கதானே. பாத்ரூம் போயிருப்பாங்க."

மேடம் அந்த மூன்று தேதிகளையும் நேரங்களையும் குறித்துக்கொண்டார். எழுந்தவர், அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். ஆறு கம்ப்யூட்டர், இரண்டு டி.வி., ஒரு பெரிய வரைபடம், பிளாஸ்டிக் பூ.

"இந்த ரூம்ல ரேடியோ இருக்கா சார்?"

"ரேடியோவா? எதுக்கு மேடம்?"

"நீங்க அனுப்பின செய்தியை அவங்க படிச்சாங்களான்னு கேக்க."

அதிகாரி உண்மையிலேயே யோசித்தார். "கேக்கணும்னு விதி எதுவும் இல்லையே" என்றார்.

வெளியே வந்ததும் விசில் சாக்கடையைப் பார்த்துக் காறித் துப்பினார். "கையெழுத்து வாங்கியாச்சுன்னா லெட்டரைக் குப்பையில போட்டாலும் சரின்னு நினைக்கிற தபால்காரன் மேடம் இந்த ஆள். இதுல ஏ.சி. வேற."

"துப்பினது போதும். அந்த ஒன்பது விநாடி உங்களுக்கு உறுத்தலையா?"

"உறுத்துது. எங்க டெப்போவுல ஒரு டிரைவர் இருந்தார். நான் விசில் ஊதி வாய மூடறதுக்குள்ள பிரேக் அடிப்பார். மத்தவங்க அரை கிலோமீட்டர் தாண்டித்தான் நிறுத்துவாங்க. ஏன்னா அவங்களுக்குப் பேச ஆள் இருந்துச்சு, பாட்டு இருந்துச்சு. இவருக்கு எதுவும் கிடையாது. என் விசிலுக்காகவே காத்திருப்பார்."

"அதேதான். மைக்ல பேசிட்டிருக்கறவன் நூறு தடவையும் ஒன்பது விநாடியில அமுக்க முடியாது. அமுக்கினவனுக்கு வேற வேலை இல்ல. வாங்க, அது யார்னு பார்ப்போம்."

ரேடியோ நிலையம் இரண்டு மாடிக் கட்டடம். வாசலில் இரும்பு கேட், பக்கத்தில் காவலாளியின் சிறிய அறை. வரவேற்பறைச் சுவரில் அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் பளபளத்தது. இருபத்தேழு பிணம் விழுந்த பிறகும் அதைக் கழற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நேற்றுத்தான் துடைத்திருக்கிறார்கள் என்பதை மேடம் விரலால் தடவிக் காட்டினார்.

மேனேஜர் வருவதற்கு முன்னால் அவருடைய சென்ட் வாசனை வந்தது. ஐம்பது வயது, மொறமொறப்பான சட்டை, உருகிய குரல்.

"அந்தப் பையனை நாங்க பிள்ளை மாதிரி வளர்த்தோம் மேடம். இப்படிப் பண்ணிட்டான். எங்க நிலையத்துக்கே அவமானம். நாங்களும் பாதிக்கப்பட்டவங்கதான், சொல்லப்போனா. விளம்பரதாரர்கள் நாலு பேர் விலகிட்டாங்க."

"ஐயோ பாவம். அந்த நாலு பேரையும் சேர்த்தா முப்பத்தொண்ணு" என்றார் விசில்.

மேனேஜர் அதைக் காதில் வாங்காமல் மாடிக்குக் கூட்டிப்போனார். ஒலிபரப்பு அறை. நான்கு பக்கமும் தடித்த துணி ஒட்டிய சுவர், இரட்டைக் கதவு, ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. மேஜை மேல் மைக். மைக்கிலிருந்து ஒரு முழ தூரத்தில் சிவப்புப் பெட்டி.

"ரெண்டு வருஷமா இதே மேஜை, இதே இடம். மூணு அறிவிப்பாளரும் ஒரு காவலாளியும் எழுத்துலயே குடுத்திருக்காங்க. விசாரணைக் கோப்புல இருக்கு."

"பார்த்தேன்" என்றார் மேடம். "மணியை ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க."

மேனேஜர் பெட்டியின் பின்னால் இருந்த சோதனைப் பொத்தானைத் தொட்டார். மூன்று பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ரயில்வே கேட்டில் அடிக்கும் மணியை ஒரு அலமாரிக்குள் வைத்து அடித்தால் எப்படி இருக்கும், அப்படி.

"நல்லது. இப்ப அன்னைக்கு ஒலிபரப்பானதோட பதிவைப் போடுங்க. மூணு மணியிலேர்ந்து."

பதிவு ஓடியது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியை உட்கார வைத்து மாப்பிள்ளை கலாய்த்துக்கொண்டிருந்தான். சண்டை வந்தால் முதலில் யார் மன்னிப்புக் கேட்பது? பெண் வெட்கப்பட்டுச் சிரித்தாள். கணவன் ஏதோ உளறினான். மூன்று மணி ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். மூன்று நிமிஷம். சிரிப்பு, கைதட்டல், பிறகு மெத்தைக் கடை விளம்பரம். மணியே அடிக்கவில்லை.

"இந்த மைக் பக்கத்துல வர்ற சத்தத்தை எடுக்காது மேடம். நேரா பேசினாத்தான் எடுக்கும்" என்று மேனேஜர் முந்திக்கொண்டார்.

"அந்தப் பொண்ணோட வளையல் சத்தம் கேக்குதே சார்" என்றார் விசில். "வளையல் குலுங்கினா எடுக்குது, காது கிழியற மணி அடிச்சா எடுக்கலை. ரொம்ப ரசனையான மைக்."

மேனேஜரின் புன்னகை ஒரு நூல் சுருங்கியது. "அவனே முன்கூட்டி மணிச் சத்தத்தைக் குறைச்சு வெச்சிருப்பான். அவன் வேலையா இருக்கும்" என்றார்.

இந்த மாதிரிப் பதில்களுக்கு அந்த ஆளிடம் பஞ்சமே இல்லை. எதைக் கேட்டாலும் பழியைச் சுமக்க ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான். ஒரு மனுஷன் இவ்வளவு லேசாகப் பொய் சொல்ல வேண்டுமானால் எத்தனை வருஷப் பழக்கம் இருக்க வேண்டும் என்று விசில் அருவருப்போடு கணக்குப் போட்டுப் பார்த்தார்.

மேடம் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கித் திருப்பினார். வலது பக்கம் புதுசுபோல் ரத்தச் சிவப்பு. இடது பக்கம் பலமுறை துவைத்த துணிபோல் வெளுத்து, இளஞ்சிவப்பாக இருந்தது.

"இது ஏன் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருக்கு?"

"அது... அரசாங்கச் சரக்கு மேடம். பெயின்ட் மட்டம்."

"மட்டமான பெயின்ட்டா இருந்தா ரெண்டு பக்கமும் வெளுக்கும்" என்றார் மேடம். "வெயில் பட்டாத்தான் ஒரு பக்கம் வெளுக்கும். இந்த ரூமுக்கு வெயில் எந்த வழியா வருது சார்?"

மேனேஜர் சுவரைப் பார்த்தார். சுவர் உதவி செய்யவில்லை. "நாங்க வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு" என்றார் கடைசியில்.

மேடம் தலையாட்டினார். அவர் இப்படிச் சட்டென்று ஒப்புக்கொண்டால் எதிராளி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது விசிலுக்குத் தெரியும், மேனேஜருக்குத் தெரியாது.

"சரி சார். கடைசியா ஒண்ணு. உங்க கேட்ல வண்டி வர்ற போற நேரம் எழுதுவாங்கல்ல? அந்த நோட்டைப் பார்க்கலாமா?"

கேட் நோட்டில் என்ன இருந்துவிடப் போகிறது? மேனேஜருக்கு உயிர் வந்தது. "தாராளமா! காவலாளி கீழதான் இருக்கான். எனக்கு ஒரு விளம்பர மீட்டிங், வந்துடறேன்" என்று சென்ட்டை விட்டுவிட்டு அவர் மட்டும் போனார்.

காவலாளியின் அறை ஒரு ஆள் கால் நீட்டினால் நிறைந்துவிடும். ஒரு ஸ்டூல், ஒரு மேஜை, தண்ணீர் பாட்டில், மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். அதன் வழியாக மத்தியான வெயில் அப்போதுதான் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. காவலாளி அறுபதை நெருங்கியவர். கழுத்துவரை பட்டன் போட்ட சீருடை, நேர்த்தியான கையெழுத்து. நோட்டைக் கேட்டதும் எழுந்து நின்று கொடுத்தார்.

மேடம் தன் காகிதத்தைப் பார்த்துத் தேதியைச் சொன்னார். விசில் நோட்டில் தேடினார்.

"முதல் சோதனை, காலையில பதினொண்ணு முப்பத்தெட்டு. ஆறு நிமிஷம் லேட்டு."

"பதினொண்ணு முப்பத்தெட்டு, மேனேஜர் ஐயா கார் உள்ளே" என்று விசில் படித்தார்.

"அடுத்தது, பத்து ஐம்பத்திரண்டு. எட்டு நிமிஷம் லேட்டு."

"பத்து ஐம்பத்திரண்டு, மேனேஜர் ஐயா கார் உள்ளே. மேடம்!"

"மூணாவது?"

மூன்றாவதும் மேனேஜர் ஐயா கார்தான். விசில் காவலாளியைப் பார்த்தார். "மேனேஜர் வந்தா நீங்க என்னண்ணே பண்ணுவீங்க?"

"கேட்டைத் திறக்கணும். கார்க் கதவைத் திறந்து விடணும். பையைத் தூக்கிக்கிட்டு மாடி ரூம்ல வெச்சுட்டு வரணும். அஞ்சாறு நிமிஷம் ஆகும். ஏன் சார்?"

மேடம் ஜன்னலை ஒட்டிய பக்கச் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு காலண்டர் தொங்கியது. அதை அவர் ஒதுக்கியதும், அழுக்கேறிய சுண்ணாம்பின் நடுவே பெட்டி அளவுக்கு ஒரு சுத்தமான சதுரமும், நாலு மூலையில் நாலு ஆணித் துளையும் தெரிந்தன.

விசிலுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மாப்பிள்ளை தப்பித்தான்! "அண்ணே, அந்த ஒன்பது விநாடி ஆளு நீங்கதானா? மாவட்டத்துலயே முதல் ஆள் நீங்க. வரவேற்பறையில சான்றிதழ் எல்லாம் மாட்டியிருக்காங்க, உங்க பேரைப் போடத்தான் மறந்துட்டாங்க!"

காவலாளி கொஞ்சம் சிரித்தார். ரொம்ப நாள் கழித்துச் சிரிக்கிற மாதிரி, பழக்கம் விட்டுப்போன சிரிப்பு. "சிவப்புப் பெட்டியா சார்? அது முதல்ல, மாப்பிள்ளைத் தம்பி இங்க சேர்றதுக்கு முன்னாடி, மாடியிலதான் இருந்துச்சு. ஏதோ மெத்தை விளம்பரம் ஓடறப்ப, 'நிம்மதியான தூக்கம்'னு சொல்லும்போது மணியடிச்சுடுச்சாம். கடைக்காரர் சண்டைக்கு வந்துட்டார். அன்னைக்கே மேனேஜர் ஐயா கொண்டுவந்து இங்க மாட்டிட்டார். கரண்ட்டு சம்பந்தமான பெட்டி, கத்தினா பச்சையை அமுக்கு, நின்னுடும்னார்."

"காகிதம் வருமே?" என்று மேடம் கேட்டார்.

"ஆரம்பத்துல வந்துச்சு. 'சோதனை'ன்னு அச்சடிச்சிருக்கும். கொண்டுபோய்க் குடுத்தேன். இதையெல்லாம் தூக்கிக்கிட்டு வராதேன்னார். அப்புறம் காகிதம் தீர்ந்துபோச்சு. சொன்னேன், யாரும் மாத்தலை. ஆனா அம்மா, நான் என்ன வேலையா இருந்தாலும் எழுந்து அமுக்கிடுவேன். ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட விட்டதில்ல."

"பெரிய மழை பெஞ்ச அன்னைக்கு?"

"அன்னைக்கும் மூணு மணி வாக்குல கத்துச்சு. உடனே அமுக்கினேன்."

"இப்ப பெட்டி எங்க?"

"தெரியலம்மா. நான் இன்னைக்குத்தான் வேலைக்கு வந்தேன். பார்த்தா பெட்டியக் காணோம், காலண்டர் தொங்குது. கேட்டதுக்கு, உனக்கு இனிமே அந்தத் தொல்லை இல்லைன்னார்."

"இத்தனை நாள் லீவா அண்ணே? ஊர் சுத்தப் போனீங்களா?" என்றார் விசில். வாய் ஓய்ந்தால்தானே.

"வீட்டுக்காரி போயிட்டா சார்" என்றார் காவலாளி. "வெள்ளத்துல. எங்க வீடு ஆத்தங்கரையிலதான்."

விசிலுக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது.

காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்காமலே பேசினார். பன்னிரண்டு நாளாக யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை போலும். "பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லிச்சு. ஆத்துல கலங்கலா நுரையா வருது, எதுக்கும் மேட்டுக்குப் போயிடலாம் வாங்கக்கான்னு அது கூப்பிட்டிருக்கு. இவ வரமாட்டேனுட்டா. பேட்டரி ரேடியோ ஒண்ணு வெச்சிருப்பா. நாள் முழுக்க நம்ம ஸ்டேஷன்தான். மாப்பிள்ளைத் தம்பி பேச்சுன்னா உசுரு. 'ஆபத்துன்னா ரேடியோவுல சொல்ல மாட்டாங்களா? எங்க வீட்டுக்காரர் அங்கதானே இருக்கார், ஊர்ல ஏதாச்சும்னா அவருக்குத்தான் முதல்ல தெரியும்'னாளாம். அந்தப் பொண்ணு பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு. அது பொழைச்சுக்கிச்சு."

அறைக்குள் வெயில் இன்னும் ஒரு சாண் நகர்ந்திருந்தது. விசில் மேடத்தின் முகத்தைப் பார்க்கப் பயந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தெரிந்தது இவருக்குத்தான். ஊரிலேயே முதல் ஆளாக, ஒன்பதாவது விநாடியில்.

"மேனேஜர் ஐயா நல்ல மனுஷன்" என்று காவலாளி தொடர்ந்தார். "மாலையோட வீட்டுக்கே வந்தார். பத்து நாள் லீவும் குடுத்தார். நிவாரணத்துக்குன்னு ஒரு காகிதத்துல கையெழுத்து வாங்கிட்டுப் போனார்."

"படிச்சீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"அவளைக் கிடத்தியிருக்கும்போது என்னத்தம்மா படிக்கிறது?"

அது நிவாரணக் காகிதம் இல்லை. விசாரணைக் கோப்பில் இருக்கும் காவலாளியின் வாக்குமூலம்தான் அது. 'எச்சரிக்கைப் பெட்டி எப்போதும் அறிவிப்பாளர் மேஜையிலேயே இருந்தது.' கீழே அதே நேர்த்தியான கையெழுத்து. செத்தவள் தலைமாட்டில் மாலையை வைத்துவிட்டு, அடுத்த பாக்கெட்டிலிருந்து காகிதத்தை எடுத்திருக்கிறான் அந்த மகராசன். விசிலுக்கு இருபத்திரண்டு வருஷத்தில் பஸ்ஸில் எத்தனையோ பேர் வாந்தி எடுத்ததைக் கழுவிய அனுபவம் உண்டு. இதைக் கழுவ ஒரு டெப்போத் தண்ணீரும் போதாது.

மேடத்தின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். "மேடம், ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிடுவோம். பெட்டி என் ரூம்லதான் இருந்துச்சுன்னு. அது போதும், மாப்பிள்ளை வெளியில வந்துடுவான். பெட்டி எதுக்குன்னு அவருக்குச் சொல்லவே வேண்டாம். அந்த மனுஷன் கரண்ட்டுப் பெட்டின்னே நினைச்சுக்கிட்டு இருந்துட்டுப் போகட்டும்."

"விஷயத்தைச் சொல்லாம கையெழுத்து வாங்கணும். அவ்வளவுதானே?"

"ஆமா."

"அதைத்தான் மேனேஜரும் பண்ணினான்."

விசில் திரும்பி, ஜன்னல் வழியாகக் காவலாளியைப் பார்த்தார்.

"சாயங்காலம் டி.வி.யில நாலு பேர் கத்தும்போது தெரிஞ்சுக்கட்டுமா? தெரு முனையில யாரோ சொல்லித் தெரிஞ்சுக்கட்டுமா? இந்த ஊர்ல யாருக்கும் யாரும் எதையும் நேரா சொல்றதில்ல விசில். அதனாலதான் இருபத்தேழு பேர் செத்தாங்க." மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "நான் சொல்றேன். நீங்க கூட நில்லுங்க."

மேடம் ஸ்டூலுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்து சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. பெட்டி எங்கிருந்து வந்தது, எதற்கு வந்தது, மணியடித்தால் என்ன அர்த்தம், பச்சையை அமுக்கினால் கட்டுப்பாட்டு அறையில் என்ன தெரியும், அன்றைக்கு மூன்று மணி இரண்டு நிமிஷத்துக்கு வந்த செய்தி என்ன, அவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் உண்மையில் என்ன எழுதியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னார். "உங்க மேல தப்பில்ல. உங்ககிட்ட யாரும் சொல்லலை" என்பதையும் இரண்டு தடவை சொன்னார்.

"இல்லம்மா. அது கரண்ட்டுப் பெட்டி" என்றார் காவலாளி.



பிறகு சுவரில் இருந்த சதுரத்தைப் பார்த்துக்கொண்டே, "தண்ணி நாலரைக்கு வந்துச்சுன்னாங்க" என்றார்.

"ஆமா."

"எங்க வீட்டுலேர்ந்து பள்ளிக்கூடத்து மேட்டுக்குப் பத்து நிமிஷம்தான். அவளுக்கு முட்டிவலி. இருபது நிமிஷம்னு வெச்சுக்குங்க."

கையை விரித்து முகத்தில் வைத்துக்கொண்டார். விசில் பக்கத்தில் போய் நின்று, என்ன செய்வது என்று தெரியாமல், தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டே நின்றார்.

மீட்டிங் முடிந்துவிட்டது போலும். சென்ட் வாசனை வந்தது, பின்னாலேயே மேனேஜர் வந்தார். தரையில் உட்கார்ந்திருந்த மேடத்தையும், ஒதுக்கிவைத்த காலண்டரையும், சுவரில் இருந்த நாலு துளையையும் பார்த்தார். ஆள் புத்திசாலி. ஒரே பார்வையில் புரிந்துகொண்டார்.

"என்னய்யா, வேலை நேரத்துல என்ன பேச்சு? நீ முதல்ல வீட்டுக்குப் போ. இன்னும் ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ."

காவலாளி எழுந்தார். பழக்கதோஷம், கை சல்யூட் அடிக்கப் பாதி தூரம் போய் நின்றது. "ஐயா, அந்தப் பெட்டி எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் டெக்னிக்கல் சமாச்சாரம். உன்னை யாரும் குத்தம் சொல்ல மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்."

"தெரியுமான்னுதான் ஐயா கேட்டேன்."

மேனேஜர் மேடத்தைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார். சாட்சி இருக்கும்போது சொல்லக்கூடிய பொய் ஒன்றும் அகப்படவில்லை போல. உருகிய குரல் முதல்முறையாகக் கெட்டிப்பட்டது. "தெரிஞ்சா என்ன? உங்கிட்ட சொல்லியிருந்தா மட்டும் என்ன கிழிச்சிருப்ப? மாடியேறிப் போய் மைக்ல பேசியிருப்பியா?"

விசில் ஓங்கிய கையை மேடம் எழுந்து பிடித்துக்கொண்டார். மேனேஜருக்காக இல்லை, விசிலைக் காப்பாற்றவே பிடித்தார்.

"மைக்ல எனக்குப் பேச வராது ஐயா" என்றார் காவலாளி. "வீட்டுக்கு ஓடியிருப்பேன். போற வழியெல்லாம், கண்ணுல பட்டவங்க அத்தனை பேர்கிட்டயும் சொல்லிக்கிட்டே ஓடியிருப்பேன்."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் திரும்பினார்.

காவலாளி தொப்பியை எடுத்து மேஜை மேல் வைத்தார். விசில் நீட்டிக்கொண்டிருந்த பாட்டிலை வாங்கி ஒரு மடக்குக் குடித்தார். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"விசாரணை எத்தனை மணிக்கும்மா?"

"மூணு மணிக்கு."

"கிளம்புங்க. அந்தக் காகிதத்துல என் கையெழுத்து இருக்கு. அதைப் படிக்காமப் போட்டேன்னு முதல்ல சொல்லணும்."